நத்தையை விட்டுவிட்டு நாரையைக் காப்பது

எங்கள் கண்டனூரிலிருந்து காரைக்குடி வழியாக மதுரைக்குப் போகும்போது, திருப்பத்தூருக்கு அப்பால் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் வரும். கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிக் கண்மாய்களைச் சேர்த்து 1977-இல் அறிவித்தார்கள். மொத்தமே 38.4 ஹெக்டேர்தான். கூட்டில் இருக்கும் பறவை மிரண்டுவிடக் கூடாதென்று கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. வருஷா வருஷம் பத்திரிகையில் வரும் செய்தி இது. எங்கள் பக்கத்துக்காரர்கள் என்பதில் எனக்கும் பெருமைதான். ஆனால் அந்தச் செய்தியில் நத்தையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

அங்கே வரும் பறவைகளில் நத்தைகுத்தி நாரையும் ஒன்று. வாயை மூடினாலும் அதன் அலகுக்கு நடுவே ஒரு சந்து தெரியும். குஞ்சுக்கு அது கிடையாது, வளர்ந்த பிறகுதான் வரும். அந்தச் சந்து எதற்கு? அருங்காட்சியகப் பறவைகளையும் பழைய குறிப்புகளையும் ஆராய்ந்த ஜூலியன் ஹக்ஸ்லி, பாக்குவெட்டி மாதிரி ஓட்டை நொறுக்கத்தான் என்று 1960-இல் எழுதினார். பின்னால் வந்த ஆய்வுகள் அதை மறுத்தன. பறவை கீழலகின் நுனியை நத்தையின் மூடிக்குள் செலுத்தி, தசையை அறுத்து, பெரும்பாலும் ஓடு உடையாமலே சதையை உருவிவிடுகிறது. நம் ஆட்கள் வைத்த பெயரைப் பாருங்கள்: ‘நொறுக்கி’ இல்லை, ‘குத்தி’.

ஓட்டுக்குள் வாழும் ஓர் உயிரை நம்பிப் பறவை இருப்பது இங்கே மட்டும் இல்லை. தென் அமெரிக்காவின் தென்கோடியிலிருந்து ஆர்க்டிக் வரை பறக்கும் ‘ரெட் நாட்’ என்ற உள்ளான், வழியில் அமெரிக்காவின் டெலவேர் விரிகுடாவில் இறங்கும். லாட நண்டின் முட்டைகளைத் தின்று இரண்டே வாரத்தில் எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொள்ளும். புலம்பெயர் பறவைகளைக் காக்க அமெரிக்காவில் 1918-லேயே சட்டம் வந்துவிட்டது. நண்டைக் காக்க அப்போது எதுவும் இல்லை. முன்பு உரத்துக்காக லட்சக்கணக்கில் அள்ளிய நண்டை, 1990-களில் விலாங்கு பிடிக்க இரையாக அள்ளினார்கள். 1980-களில் அங்கே 90,000-க்கு மேல் எண்ணப்பட்ட உள்ளான்கள், 2000-களின் நடுவில் 15,000 அளவுக்குக் குறைந்தன. நியூ ஜெர்சி நண்டு பிடிக்கத் தடை போட்டது 2008-இல். அதாவது, பறவையைச் சுடக் கூடாதென்று சொல்லித் தொண்ணூறு வருஷம் கழித்து.

நம் நத்தைக்கும் இதே நிலை வரலாம். கண்மாய் வற்றினால் அது மூடியை அடைத்துக்கொண்டு சேற்றுக்குள் தூங்கிவிடும். அடுத்த தண்ணீர் வந்தால்தான் வெளியே வரும். நாரை காத்திருக்காது, தண்ணீர் இருக்கிற ஊருக்குப் போய்விடும். தாய்லாந்தில் வளையம் மாட்டிய நத்தைகுத்தி ஒன்று வங்கதேசத்தில் கிடைத்திருக்கிறது, சுமார் 1,500 கி.மீ. தள்ளி.

வெடி போடாமல் இருப்பது ஓர் ஊர் கூடி எடுக்கும் முடிவு. கொள்ளுக்குடிப்பட்டி அதை எடுத்துவிட்டது. வரத்துக்கால் அடைபடாமல் பார்ப்பதும், வயலில் அடிக்கிற மருந்து தண்ணீரில் கலக்காமல் பார்ப்பதும் மேலே இருக்கிற ஊர்களின் கையில் இருக்கிறது.