கார் எஞ்சின் கொதிக்கிறதா? தண்ணீர் ஊற்றும் முன் கசிவைத் தேடுங்கள்

காலையில் போனட்டைத் திறந்து, ஒரு போத்தல் பைப் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றிவிட்டு வேலைக்குக் கிளம்புவது பழைய கார் வைத்திருக்கும் பல வீடுகளில் பழக்கமாகிவிட்டது. எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் மூடிய பாதையில் சுற்றுவது. அது தினமும் குறையக் கூடாது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள்.

நம் நாட்டில் பனி உறைவதில்லை, கூலண்ட் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கூலண்ட் துருவைத் தடுக்கிறது, கொதிநிலையை உயர்த்துகிறது. வெறும் பைப் தண்ணீர் உள்ளே துருவையும் உப்புப் படிவையும் சேர்த்து ரேடியேட்டரை அடைத்துவிடும்.

சூட்டில் மூடியைத் திறக்காதீர்கள்

ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. அதனால்தான் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று குறைந்து, கொதிநீர் முகத்திலும் கையிலும் பீறிட்டு அடிக்கும். இரவு முழுவதும் ஆறிய காரில் காலையில் வேலை செய்வதே பாதுகாப்பு.

வீட்டில் பார்க்கக்கூடியவை

1. இரவில் காரின் அடியில் அட்டை ஒன்றை விரியுங்கள். காலையில் பச்சை, சிவப்பு அல்லது நீல நிறக் கறை இருந்தால் அது கூலண்டாக இருக்கலாம். நிறமற்ற சுத்தமான நீர் பெரும்பாலும் ஏர்கோன் சொட்டியது.

2. ரப்பர் குழாய்களை அமுக்கிப் பாருங்கள். வெடிப்பு, வீக்கம், கொழகொழப்பு இருந்தால் மாற்ற வேண்டும். கிளிப்புகள் துருப்பிடித்திருந்தால் அவற்றையும் மாற்றுங்கள்.

3. மூடியின் ரப்பர் கிழிந்திருந்தால், மூடியில் அச்சிட்டுள்ள அதே அழுத்த எண் கொண்ட புதிய மூடி வாங்குங்கள்.

4. எஞ்சினை ஓடவிட்டு ஏர்கோனைப் போடுங்கள். ரேடியேட்டர் மின்விசிறி சுற்றுகிறதா? இல்லையென்றால் முதலில் பியூஸைப் பாருங்கள். சில கார்களில் எஞ்சின் நின்ற பிறகும் விசிறி திடீரெனச் சுற்றும், கை கவனம்.

நெரிசலில் மட்டும் சூடேறினால் விசிறியைச் சந்தேகிக்கலாம். நெடுஞ்சாலையிலும் மேட்டிலும் சூடேறினால் தெர்மோஸ்டாட் அல்லது அடைபட்ட ரேடியேட்டர் காரணமாக இருக்கலாம்.

குழாய் மாற்றும்போது

பழைய கூலண்டை அகலமான பேசினில் பிடியுங்கள். அது இனிப்புச் சுவையுள்ள விஷம். குழந்தைகள், நாய், பூனை அண்டாத இடத்தில் மூடி வையுங்கள், கால்வாயில் கொட்டாதீர்கள். புதிய குழாயைக் கிளிப்போடு இறுக்கியபின், காரின் கையேடு கூறும் வகைக் கூலண்டை மெதுவாக நிரப்புங்கள். இரு வகைகளைக் கலக்க வேண்டாம். மூடியைத் திறந்தபடியே எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு, காற்றுக் குமிழிகள் அடங்கியதும் அளவைச் சரிசெய்து மூடுங்கள். நீர் பொங்கி வரத் தொடங்கினால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். மறுநாள் ஆறிய பின் அளவை மீண்டும் பாருங்கள்.

பட்டறைக்குச் செல்ல வேண்டியது எப்போது?

வெளியே கசிவே இல்லாமல் கூலண்ட் குறைவது, புகைக்குழாயில் தொடர்ந்து வெண்புகை வருவது, எண்ணெய் மூடியின் அடியில் பால் கலந்த காப்பி போன்ற பிசுக்கு படிவது ஆகியவை ஹெட் காஸ்கெட் போனதன் அறிகுறிகள். இது வீட்டு வேலை அல்ல. தொடர்ந்து ஓட்டினால் அலுமினிய ஹெட் வளைந்துவிடும். ஒரு ரப்பர் குழாயோடு முடிய வேண்டிய செலவு எஞ்சின் செலவாகிவிடும்.

சாலையில் முள் ஏறினால்

கேமரன் மலை ஏறும்போதோ, தைப்பூச நாளில் பத்துமலை நெரிசலிலோ முள் சிவப்பைத் தொட்டால் ஏர்கோனை அடைத்து, பாதுகாப்பாக ஓரம் கட்டி, எஞ்சினை நிறுத்துங்கள். நெடுஞ்சாலை என்றால் குடும்பத்தாரை இரும்புத் தடுப்புக்கு அப்பால் நிற்க வையுங்கள். சூடான எஞ்சின் மேல் குளிர்ந்த நீரை ஊற்றாதீர்கள்; வெடிப்பு விடலாம். தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலும் பரவாயில்லை, அந்த மூடி ஆறும்வரை அங்கேயே இருக்கட்டும்.