காசில் இருப்பது 1700... அடித்தது எப்போது? நியூரம்பெர்க் 'ஆட்டுக்குட்டி' டுகாட்டை வாங்கும் முன் தெரிஞ்சுக்கோங்க!

உலக உருண்டை மேல் கொடியோடு நிற்கும் ஒரு ஆட்டுக்குட்டி. பழைய ஜெர்மன் தங்கக் காசு சேகரிப்பவர்கள் பார்த்ததுமே சொல்லிவிடுவார்கள், இது நியூரம்பெர்க் டுகாட் என்று. ஆனால் எந்த வருஷம் அடித்தது என்று கேட்டால்தான் சிக்கல்!

டுகாட் என்றால் என்ன?

ஐரோப்பாவில் புழங்கிய தங்கக் காசுதான் டுகாட். புனித ரோமப் பேரரசு 1559-ல் இதற்கான அளவை நிர்ணயித்தது. எடை சுமார் 3.49 கிராம், அதாவது அரை சவரனுக்குக் கொஞ்சம் குறைவு. தங்கத்தின் தரம் 98.6 சதவீதம். நம்ம ஊர் 22 காரட் நகையைவிட சுத்தமானது.

நியூரம்பெர்க், ஹாம்பர்க், ஃபிராங்க்பர்ட் போன்றவை பேரரசருக்கு மட்டுமே கட்டுப்பட்ட சுதந்திர நகரங்கள். சொந்தமாகக் காசு அடிக்கும் உரிமையும் அவற்றுக்கு இருந்தது.

வருஷம் எங்கே இருக்கு?

ஆட்டுக்குட்டி டுகாட்டில் வருஷம் எண்ணாக இல்லை. அமைதி வேண்டும் லத்தீன் வாசகத்தில் எம், டி, சி, சி எழுத்துகள் மட்டும் பெரிதாக இருக்கும். ரோமன் எண்களாகக் கூட்டினால் 1000 + 500 + 100 + 100 = 1700.

வட்டமாகவும் சதுரமாகவும் இதை அடித்தார்கள். மிகச் சிறியது டுகாட்டில் 32-ல் ஒரு பங்கு. கிட்டத்தட்ட ஒரு குண்டுமணி எடைதான்!

அப்போ என்ன சிக்கல்?

இந்தக் காசுக்கு வரவேற்பு இருந்ததால், 1700-க்குப் பிறகும் அதே வருஷத்தோடு மீண்டும் மீண்டும் அடித்தார்கள். வித்தியாசம் சொல்வது சின்ன எழுத்துகள்தான். 'ஜி.எஃப்.என்.' என்றால் முந்தைய அச்சு. 'ஐ.எம்.எஃப்.', 'சி.ஜி.எல்.' என்றால் 18-ம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. அவையும் நியூரம்பெர்க் காசுதான், போலி இல்லை. ஆனால் 1700-ல் அடித்தது என்று நம்பி விலை கொடுக்கக் கூடாது.

வாங்கும் முன் எதைப் பார்க்கணும்?

* எடை: முழு டுகாட் 3.49 கிராமை ஒட்டி இருக்கணும்.
* விளிம்பு: பதக்கமாக அணிந்த காசில் ஓட்டை அடைத்த தடமோ, பற்றவைத்த தடமோ இருக்கும். இருந்தால் சேகரிப்பு மதிப்பு குறையும்.
* நகல்: தங்கத்திலேயே நவீன நகல்களும் வருகின்றன. அதனால் எடையை மட்டும் நம்பாமல், எழுத்தையும் அச்சையும் நிபுணரிடம் காட்டுவது நல்லது.

1806-ல் நியூரம்பெர்க் பவேரியாவோடு இணைக்கப்பட்டது. நகரின் சுதந்திரம் போனது. ஆட்டுக்குட்டி மட்டும் சேகரிப்பாளர்களின் பெட்டியில் இன்னும் கொடி பிடித்து நிற்கிறது.