ஏழு ஊருக்கு ஒரு உலை

மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னாடி சின்னதா ஒரு உலை போட்டிருக்கேன். பழைய லாரியின் பிரேக் டிரம் ஒண்ணு, கையால் சுத்துற ப்ளோயர் ஒண்ணு, பட்டடைக்குப் பதிலா காயலான் கடையில் எடை போட்டு வாங்கிய கனத்த இரும்புத் துண்டு, குறடு, சம்மட்டி. அவ்வளவுதான் பட்டறை. கரிக்கு வேலிகாத்தான் இருக்கவே இருக்கு. லாரி பட்டையை அறுத்து அரிவாள் அடிக்கப் பழகுகிறேன். இதுவரை உருப்படியா வந்தது ரெண்டு களைக்கொத்துதான்.

"விவசாயிக்கு எதுக்குப்பா இது?" என்று ஆம்பூர் நண்பர் ஒருவர் சிரித்தார். எங்க மண்ணுக்கு இது ஒண்ணும் புதுசில்லை என்றேன். திருப்பத்தூர் பக்கம் பையம்பள்ளியில் 1960களில் மத்தியத் தொல்லியல் துறை தோண்டினபோது, கருப்பு சிவப்புப் பானைகளோடு இரும்புச் சாமான்களும், அங்கேயே இரும்பு உருக்கினதுக்கான தடயமும் கிடைச்சது. காலம் கி.மு. 640 வாக்கில். பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மயிலாடும்பாறை இரும்புக்குக் கி.மு. 2172 என்று 2022இல் தமிழக அரசு அறிவித்தது.

எங்க பக்கம் தோலுக்குப் பேர்போனது. ஆனால் தோல் இல்லாமல் அந்தக் கால உலையும் இல்லை. காத்து ஊதும் துருத்தி தோலில் செய்தது. குறுந்தொகையில் கச்சிப்பேட்டு நன்னாகையார் பாட்டு ஒன்று இருக்கிறது. ஏழு ஊர் வேலைக்கும் பொதுவா ஒரே ஊரில் போட்ட உலையின் துருத்தி ஓய்வில்லாமல் உழைப்பதுபோல, தன் நெஞ்சும் எல்லை தெரியாமல் வருந்துது என்கிறாள் தலைவி. ஏழு ஊருக்கு ஒரு கொல்லர் என்றால் அவருக்கு எவ்வளவு வேலை இருந்திருக்கும்!

இரும்பையும் தோலையும் சேர்க்கும் செடி ஒன்றும் உண்டு, ஆவாரை. தோல் பதனிட அதன் பட்டை. சேலம் பக்கத்துக் கொல்லர்கள் இரும்பை எஃகாக்க, மண் மூசையில் ஆவாரங்குச்சியைச் சேர்த்து, மேலே எருக்கு போன்ற இலைகளை வைத்து மூடிச் சுட்டார்கள். குச்சி கரியாகி, அந்தக் கரி இரும்பில் ஏறும். பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற வெள்ளைக்காரர் இதைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்.

எங்க ஊர் ஆசாரி குடும்பத்துக்குப் பணக்கூலி கிடையாது. வருசம் பூரா கலப்பைக்குக் கொழு அடிச்சு, அரிவாள் தட்டிக் கொடுத்தால், அறுவடையில் களத்துமேட்டிலே மேரை நெல். டிராக்டர் வந்தது, கொழு வேலை போச்சு. கடை அரிவாள் வந்தது, மிச்சமும் போச்சு. பிள்ளைகள் ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போயிட்டாங்க.

நான் அடிச்ச முதல் அரிவாளை அந்தப் பெரியவரிடம் காட்டினேன். கரும்பு வெட்டினபோதே வாய் மடங்கிப் போன அரிவாள் அது. விரலால் தடவிப் பார்த்தார்.

"நெறம் பாக்காம தண்ணியில வுட்டுட்டியா தம்பி? காந்தம் ஒட்டாத அளவுக்குச் செவக்கணும். அப்புறம்தான் தோய்க்கணும்."

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "கூலிக்கா, ஆசைக்கா?"

"ஆசைக்குதாங்க."

"எங்களுக்கு யாரு அதைக் கேட்டா? உங்க தாத்தா மரக்காலைத் தலைதட்டி அளப்பாரு. ரெண்டு போகம் மேரையே தரல."

கோபமா சொல்லலை, கணக்குச் சொல்ற மாதிரி சொன்னார். எனக்குத்தான் பதில் வரலை. அந்தத் தாத்தா களத்தைப் பத்தி நானே எத்தனை தடவை பெருமையா எழுதியிருக்கேன்!

இப்போ ஞாயித்துக்கிழமை அவர் வந்து கயித்துக் கட்டிலில் உட்கார்ந்து நிறம் சொல்றார், நான் அடிக்கிறேன். சாயந்திரம் நாள் கூலியைக் கையில் கொடுத்துடறேன். முதல் வாரம் வேணாம்னார், ரெண்டாவது வாரம் எண்ணிப் பார்த்து வாங்கிக்கிட்டார். அந்தப் பழைய பாக்கி அப்படியேதான் இருக்கு. அதை எந்த மரக்காலால் அளக்கிறதுன்னு தெரியலை.

நகரத்தில் இருக்கிற உங்களில் யாருக்காவது உலை போடும் ஆசை இருந்தால், முதலில் ப்ளோயர் விலை விசாரிக்காதீங்க. உங்க சொந்த ஊரில் ஆசாரி யாராவது மிச்சம் இருக்காங்களான்னு விசாரிங்க. கூலியைப் பேசிட்டு உட்காருங்க.