சிசுவும் பச்சிளங்குழந்தையும்

செய்தித்தாள்களில் ‘சிசு’ என்றால் கருவில் இருப்பதும் சிசு, தவழத் தொடங்கியதும் சிசு. வடமொழியில் இது குழந்தைக்கும் விலங்கின் குட்டிக்கும் பொதுப்பெயர். நம் ‘குழவி’யும் யானைக்கன்று வரை சென்ற சொல்தான். 1992-இல் பெண்சிசுக் கொலையைத் தடுக்கச் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கிய காலத்தில், ‘சிசு’ என்றாலே பின்னால் ‘கொலை’ வந்து ஒட்டிக்கொள்ளும். கணக்கெடுப்பவர்களுக்கோ எல்லை கறாரானது: ஓராண்டு நிறையுமுன் இறந்தால் சிசு மரணம், அதிலும் முதல் 28 நாளுக்குள் என்றால் பச்சிளங்குழந்தை இறப்பு. தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழகத்தில் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளுக்கு முன்னது 18.6, பின்னது 12.7. இரண்டையும் ‘சிசு’ என்றே எழுதினால், மூன்றில் இரண்டு சாவு முதல் மாதத்திலேயே நேர்வது மறைந்துபோகும். குறைப்பிரசவம், பிறப்பில் மூச்சுத்திணறல், கிருமித்தொற்று என்று அந்த மாதத்தின் ஆபத்துகளே வேறு. எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவளைப் ‘பச்சை உடம்புக்காரி’ என்பார்கள். பிள்ளை ‘பச்சை மண்ணு’. இன்னும் இறுகாத, தனியாகக் காக்கவேண்டிய அந்தப் பச்சைதான் ‘பச்சிளங்குழந்தை’யிலும் இருக்கிறது. முதல் 28 நாளுக்கு அந்தச் சொல்லையும், ஓராண்டு வரை ‘கைக்குழந்தை’யையும் பிரித்து எழுதுவோம், எந்த மாதத்தில் பிள்ளைகளை இழக்கிறோம் என்பது படிப்பவருக்குத் தெரிந்தாக வேண்டும்.