காமிரா வந்த தெருவும் வராத தெருவும்

காஞ்சிபுரம் என்றால் இரண்டு படங்கள். ஒன்று கோபுரம், இன்னொன்று பட்டு. எந்த தேசத்தில் அச்சான சுற்றுலாப் புத்தகத்தைப் புரட்டினாலும் இதுதான் கிடைக்கும். சில புத்தகங்களில் மூன்றாவதாக ஒரு முகம் இருக்கும். தறிமேல் குனிந்திருக்கும் ஒரு கிழவர், இல்லாவிட்டால் கோயில் வாசலில் பூ கட்டும் ஒரு பொம்பளை. அடியில் 'காஞ்சிபுரத்து நெசவாளி' என்றோ 'பூக்காரி' என்றோ போட்டிருப்பான். கோபுரத்துக்குப் பேர் இருக்கும், எந்த ராஜா கட்டினான் என்பது இருக்கும். புடவைக்கு ரகம் இருக்கும், விலைகூட இருக்கும். ஆளுக்கு மட்டும் பேர் இருக்காது. சேரி ஆளுக்கோ அந்தப் புத்தகத்தில் முகமே இருக்காது.

இதை இன்றைக்கு வந்த சுற்றுலாக்காரனின் கோளாறு என்று தள்ளிவிட முடியாது. இதற்குப் பின்னால் நூற்றைம்பது வருஷத்துப் பழக்கம் ஒன்று இருக்கிறது. யார் எதைப் பார்க்க வந்தான், யார் செலவில் வந்தான், எதைப் பார்க்காமல் போனான் என்பதெல்லாம் அந்தப் பழக்கத்துக்குள் கிடக்கிறது.

சென்னை ராஜதானி அரசாங்கம் 1856இல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரியைத் தன் சொந்தப் புகைப்படக்காரராக வைத்துக்கொண்டது. 1857-58இல் அவர் ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார். மூட்டை மூட்டையாகச் சாமான்கள், அவற்றைத் தூக்கக் கூலிகள். எடுத்தவை பெரும்பாலும் கோயில், மண்டபம், கல்வெட்டு. அந்தக் காலத்துக் காமிராவுக்கு நொடிக்கணக்கில், சில சமயம் நிமிஷக்கணக்கில் வெளிச்சம் வேண்டும். அசையாமல் இருப்பது பதியும். அசைவது மங்கும், இல்லை மறைந்தே போகும். கல் அசையாது. வேலை செய்கிறவன் அசைவான். அதனால்தான் பழைய படங்களில் நம் ஊர்த் தெருக்கள் காலரா வந்த தெருக்கள் மாதிரி வெறிச்சோடிக் கிடக்கின்றன. ஜனம் அங்கேதான் இருந்தது. காமிராவுக்குத் தெரியவில்லை.

அப்படியும் சில படங்களில் தூணுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்பான். வேட்டியோ கோவணமோ கட்டி, கையை என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பான். தூண் எவ்வளவு உயரம் என்று காட்டுவதற்காக அவனை நிறுத்தியிருப்பார்கள். அளவுகோல் கிடைக்காத இடத்தில் ஆள் அளவுகோல் ஆனான். சாமான் தூக்கி வந்தவனாகவும் இருக்கலாம், காவல்காரனாகவும் இருக்கலாம்.

காஞ்சிக்கு வருவோம். அலெக்சாண்டர் ரீ என்ற தொல்லியல் அதிகாரி பல்லவர் கட்டடக்கலை பற்றிய பெரிய நூலை 1909இல் கொண்டுவந்தார். கைலாசநாதர் கோயிலையும் வைகுண்டப் பெருமாள் கோயிலையும் அங்குலம் அங்குலமாக அளந்து வரைந்த வேலை அது. நல்ல வேலைதான், யாரும் மறுக்க வேண்டாம். ஆனால் ஒன்றை மட்டும் நினைத்துப் பாருங்கள். அன்றைக்கு காஞ்சிக் கோயில்களின் உள்ளே நம் சனம் கால்வைக்க முடியாது. கோயில் நுழைவுக்கு ஒரு சட்டம் வர 1939 ஆனது. ராஜதானி முழுமைக்கும் ஒழுங்கான சட்டம் வர 1947 ஆனது. கடல் கடந்து வந்த காமிரா பார்த்த சிற்பத்தை, அந்த ஊர் எல்லையிலேயே தலைமுறை தலைமுறையாக ஏரோட்டியவன் பார்க்கவில்லை. கல்லை யார் சுமந்தான், ஏரியை யார் வெட்டினான் என்ற கேள்விக்கு அந்த நூல்களில் இடம் கிடையாது.

கல்லை எடுத்தபிறகு ஆளை எடுக்க வந்தார்கள். 1857 கலகத்துக்குப் பிறகு வெள்ளைக்காரனுக்கு ஒரு பயம் வந்தது. ஆளுகிற ஜனத்தைத் தெரிந்துகொள்ளாமல் ஆள முடியாது என்ற பயம். அந்தப் பயத்தில் பிறந்ததுதான் 1868 முதல் 1875 வரை எட்டு பாகமாக லண்டனில் வெளியான 'தி பீப்பிள் ஆஃப் இந்தியா'. 450க்கு மேற்பட்ட படங்கள். ஒவ்வொன்றுக்கும் சாதிப் பேர், கூடவே இந்தச் சாதி நம்பத்தக்கது, இது முரட்டுச் சாதி என்கிற மாதிரியான குறிப்பு. நம் பக்கத்தில் இந்த வேலையைப் பெரிதாகச் செய்தவர் சென்னை மியூசியத்தின் எட்கர் தர்ஸ்டன். கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் அவர் வெளியிட்ட 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' ஏழு பாகம். தர்ஸ்டன் காமிராவோடு அளவுக் கருவிகளையும் எடுத்துப் போனார். மூக்கு, மண்டை, உயரம் எல்லாம் அளந்தார். வயநாட்டுப் பணியப் பெண்கள், நம்மில் நல்லவர்களாகப் பொறுக்கிப் பஞ்சடைத்து மியூசியத்தில் வைக்கப்போகிறான் என்று நம்பினார்களாம். போலீஸ் தேடிக்கொண்டிருந்த ஓர் இருளர், உயரம் அளக்கும் கம்பத்தைத் தூக்குமரம் என்று சொல்லி அளக்க மறுத்துவிட்டாராம். தர்ஸ்டனே இதையெல்லாம் வேடிக்கையாக எழுதிவைத்திருக்கிறார். எனக்கு இதில் வேடிக்கை தெரியவில்லை. அந்தப் பெண்களும் அந்த இருளரும் நிலைமையைச் சரியாகத்தான் புரிந்துகொண்டார்கள். அதே அளவெடுப்பு முறையைக் குற்றவாளிகளை அடையாளம் காணப் போலீசும் பயன்படுத்திய காலம் அது. குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை ராஜதானிக்கு வந்து சேர்ந்தது. 'போட்டோ புடிச்சா ஆயுசு கொறையும்' என்று நம் ஆயாமார்கள் சொன்னதை மூடநம்பிக்கை என்று சிரிக்கிறோம். பிடித்தவன் யார் என்று பார்த்தால் சிரிப்பு வராது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் படம் போட்ட தபால் அட்டைகள் வந்தன. சென்னையின் வீலே-கிளைன் போன்ற கம்பெனிகள் கோயிலையும் விற்றன, சாதியையும் விற்றன. பிராமணர், செம்படவர், பறையர் என்று ஒவ்வொரு மாதிரிக்கும் ஓர் அட்டை. காலணாவுக்கும் அரையணாவுக்கும் நம் பாட்டன் பூட்டன் முகம் கப்பலேறிப் போனது.

சேரி முகங்கள் கூட்டமாகப் படத்தில் வந்த சந்தர்ப்பம் ஒன்று உண்டு. அது 1876-78 பஞ்சம். தாது வருஷப் பஞ்சம் என்று கும்மியாகவும் கதையாகவும் இன்னும் ஜனங்கள் நினைவில் இருப்பது. தென்னிந்தியா முழுக்கச் சுமார் 50 லட்சம் பேர் செத்தார்கள் என்று கணக்கு. சென்னைப் பட்டணத்தைச் சுற்றிக் கிடக்கிற செங்கற்பட்டு ஜில்லாவும் அதில் அடிபட்டது. நிலமில்லாத கூலி சனம்தான் முதலில் விழுந்தது. கிராமத்திலிருந்து பட்டணத்துக்கு நடந்தே வந்தார்கள். நிவாரண வேலைக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறக்குறைய 450 கிராம் தானியம் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் குறைத்தார். ராஜதானியின் சுகாதார ஆணையர் கார்னிஷ், இது உழைக்கிற உடம்புக்குப் போதாது என்று சண்டை போட்டார்.

அந்தச் சமயத்தில்தான் வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி காமிராவைத் தூக்கிக்கொண்டு வந்தார். எலும்பும் தோலுமாக இருந்தவர்களை ஏழு பேர் எட்டு பேர் என்று சேர்த்தார். சிலரை உட்காரவைத்து, சிலரைப் படுக்கவைத்து, குழந்தையை முன்னால் கிடத்தி, கல்யாண வீட்டு குரூப் போட்டோ மாதிரி அடுக்கி எடுத்தார். நிவாரணம் பெறத் தகுதியானவர்கள் என்ற பொருளில் ஒரு படத்துக்குத் தலைப்பு. படம் எடுத்துவிட்டுச் சோறு போடாமல் அனுப்பிவிட்டார் என்ற பேச்சு அன்றைக்கே எழுந்தது. அதில் எவ்வளவு உண்மையோ, பத்து வருஷம் கழித்து அவர் செய்தது பதிவில் இருக்கிறது. 1886இல் மாண்டலேயில் பர்மியக் கைதிகளைச் சுட்டுக்கொன்றபோது, குண்டு பாயும் கணம் படத்தில் விழ வேண்டும் என்று காமிராவோடு நின்றதற்காக லண்டன்வரை கண்டனம் எழுந்து, விசாரணை நடந்தது.

ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். 1877இல் லண்டன் மேயர் நிவாரண நிதி திரட்டியபோது, பஞ்சத்தை ஆங்கிலேய ஜனங்களுக்குக் காட்டியதில் படங்களுக்கும் பங்கு உண்டு. படமில்லாமல் செத்திருந்தால் கேட்க நாதியிருந்திருக்காது என்று ஒருவர் வாதிடலாம். சரிதான். ஆனால் அந்தப் படங்களில் பசி மட்டும்தான் தெரிகிறது. பசி எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நிலம் யார் கையில், களத்து நெல் யார் வீட்டில் என்பது சட்டத்துக்கு வெளியே போய்விட்டது.

அதைக் காட்டியது காமிரா அல்ல, ஒரு காகிதம். செங்கற்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் 1891இல் அந்த ஜில்லாவின் பறையர்களைப் பற்றி எழுதிய குறிப்புகள். காஞ்சியைச் சுற்றியிருக்கும் தொண்டைமண்டலத்து மிராசு முறை எப்படி நம் ஆட்களுக்குத் தரிசு நிலம்கூடக் கிடைக்காமல் தடுத்தது, குடிசை போட்ட மனையைக்கூட மிராசுதாரன் எப்படித் தன் கைப்பிடியில் வைத்திருந்தான், கடனுக்குப் படியாளாக எழுதிக்கொடுத்தவன் எப்படி மீளவே முடியாமல் கிடந்தான் என்று அதில் இருக்கிறது. அவரும் வெள்ளைக்கார அதிகாரிதான், தேவதூதன் இல்லை. ஆனால் முகத்தை விட்டுவிட்டு மனைக்கட்டைப் பார்த்தார். அதன் தொடர்ச்சியாகத்தான் 1892இல் நிலம் ஒதுக்கும் உத்தரவு வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருப்பது அதைத்தான். 12 லட்சம் ஏக்கர் என்று இயக்கத்தார் சொல்வார்கள்.

இனி பட்டுக்கு வரலாம். கச்சாப் பட்டு கர்நாடகத்திலிருந்தும் சரிகை சூரத்திலிருந்தும் வருகிறது, காஞ்சியினுடையது கை. பிள்ளையார்பாளையத்து வீடுகளின் குழித்தறியில் வெளிச்சம் கம்மி. அதனால் பழைய காமிராக்காரன் நெசவைத் தெருவில்தான் பார்த்தான். பாவு நீட்டுவதைப் பார்த்து எடுத்தான். நெய்பவர்களில் செங்குந்தர், சாலியர், தேவாங்கர், பட்டுநூல்காரர் என்று ஏடுகள் சொல்லும். பறையர்களில் கோலியர் என்ற நெசவுப் பிரிவு தஞ்சை, மதுரைப் பக்கம் இருந்ததை தர்ஸ்டனே எழுதியிருக்கிறார். ஆனால் 'பாரம்பரிய நெசவாளி' என்று எடுக்கிற படத்துக்கு யாரும் கோலியரைத் தேடிப் போனதில்லை.

காஞ்சிப் பட்டின் பெருமை கோர்வை. உடலும் கரையும் வேறு வேறு நிறம், இரண்டையும் ஊடை ஊடையாகக் கோத்துப் பிணைக்க வேண்டும். அதற்கு நெய்பவர் ஒருவர் போதாது. அடுத்த பக்கத்திலிருந்து நாடா வாங்கித் தள்ள இன்னொரு கை வேண்டும். அந்தக் கை ரொம்ப காலம் ஒரு பையனுடைய கையாக, ஒரு பெண்பிள்ளையின் கையாக இருந்தது. அப்பன் ஆத்தாள் வாங்கிய முன்பணத்துக்காக உட்கார்ந்த பிள்ளை. பயணிகளின் படத்தில் அந்தப் பிள்ளை அழகாகத்தான் இருக்கும். சரிகை வெளிச்சம் முகத்தில் அடிக்கும், கண் பெரிசாகத் தெரியும், தாத்தாவிடம் பேரன் கலை பயில்வதுபோல இருக்கும். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. இருந்தும் 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச், இந்தியப் பட்டுத் தொழிலின் குழந்தைக் கொத்தடிமைகளைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் வாரணாசி, கர்நாடகத்தோடு காஞ்சிபுரமும் இருந்தது. சாதிதான் இந்த முறைக்கு முட்டுக்கட்டாக நிற்கிறது என்பதையும் அது சொன்னது. அந்த அறிக்கையிலும் குழந்தைகளின் பேர் மாற்றப்பட்டிருக்கும். அது வேறு கதை. முதலாளி கண்டுபிடித்து அடிக்கக் கூடாது என்று மறைத்த பேர் அது. பேர் போடாததெல்லாம் ஒன்றே என்று நாம் சொல்லிவிடக் கூடாது. யாருக்காக மறைத்தார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. தபால் அட்டைக்காரன் மறைக்கவில்லை, கேட்கவே இல்லை.

நம் ஆள் தானாகப் போய்க் காமிரா முன் உட்கார்ந்த படங்களும் உண்டு. செங்கற்பட்டு ஜில்லா கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கரோடு போனார். அந்தப் படங்களில் அவர் மாதிரிச் சரக்கு இல்லை, பிரதிநிதி. பேரோடு இருக்கிறார். ஆனால் அன்றைய சேரியில் எத்தனை பேருக்கு ஸ்டுடியோ எட்டியிருக்கும்? ரொம்பப் பேருக்கு முதல் படமும் கடைசிப் படமும் ஒன்றுதான். செத்தபிறகு நாற்காலியில் சாத்தி உட்காரவைத்து, மாலை போட்டு, டவுனிலிருந்து போட்டோக்காரனை வரவழைத்து எடுப்பது. அப்புறம் 1993இல் சேஷன் காலத்தில் வாக்காளர் அட்டைக்குப் படம் எடுக்கச் சொன்னார்கள். 'மூஞ்சிய நேரா வச்சிக்க, ஆயா' என்று அதட்டித்தான் எடுத்தார்கள். என்றாலும் எத்தனையோ கிழவிகளுக்கு முகமும் பேரும் ஒரே காகிதத்தில் சேர்ந்தது அப்போதுதான்.

இன்றைக்குக் காமிரா நம் கைக்கும் வந்திருக்கிறது. வாடிப்பட்டியின் ஜெய்சிங் நாகேஸ்வரன் 2020 ஊரடங்கில் வெளியே போகமுடியாமல் தன் வீட்டையும் தன் சனத்தையும் எடுத்தார். பள்ளிக்கூடம் நடத்திய தன் பாட்டி பொன்னுத்தாயின் கதையைப் பேர் சொல்லி உலகத்துக்குச் சொன்னார். எம். பழனிக்குமார் மலக்குழியில் இறங்குகிறவர்களையும் செத்தவர்களின் குடும்பங்களையும் வருஷக்கணக்காக எடுத்துவருகிறார். 2019இல் காஞ்சியில் 48 நாள் அத்திவரதர் தரிசனம். கோடிப்பேர் வந்தார்கள் என்று கணக்குச் சொன்னார்கள், எல்லார் கையிலும் செல்போன். அந்தக் கோடிப்பேர் போட்டுவிட்டுப் போனதை அள்ளிய துப்புரவுத் தொழிலாளிகளின் படத்தைத் தேடிப்பாருங்கள், கிடைத்தால் அடியில் பேர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மாமல்லபுரம் பக்கம் காரணை என்று ஒரு கிராமம். அங்கே பறிபோன பஞ்சமி நிலத்தில் 1994இல் அம்பேத்கர் சிலை வைத்தார்கள், அதிகாரிகள் அகற்றினார்கள். அதை எதிர்த்து அக்டோபர் 10 அன்று செங்கற்பட்டில் சனம் திரண்டபோது போலீஸ் சுட்டது. இரண்டு பேர் செத்தார்கள். மாமல்லபுரத்துக்கு வருகிற காமிராக்களுக்கு அந்தக் கிராமம் ரொம்ப தூரமில்லை. ஒவ்வொரு வருஷமும் அக்டோபர் வந்தால் அந்த வட்டாரத்துச் சுவர்களில் நினைவஞ்சலிச் சுவரொட்டி ஏறும். அதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்று பேர் போட்டிருக்கும்.