நம்பாத நூலைச் சாட்சிக்கு அழைத்தவர்



1927 டிசம்பர் 25 அன்று மகாடில் பாபாசாகேப் தலைமையில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. 1935இல் இயோலாவில், இந்துவாகச் சாகப்போவதில்லை என்று அவர் அறிவித்தார். சாத்திரங்களுக்குப் புதுப்பொருள் சொல்லிப் பயனில்லை, அவற்றின் அதிகாரத்தையே மறுக்க வேண்டும் என்பது 1936இல் வெளிவந்த ‘சாதி ஒழிப்பு’ நூலின் உயிர்நாடி.

அதே பாபாசாகேப் 1950 ஜனவரியில் பம்பாய் சித்தார்த்தா கல்லூரி மாணவர்களிடையே, இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா சாத்திரத்துக்கு விரோதமானதல்ல என்று வாதிட்டார். மணவிலக்குக்குக் கௌடில்யரையும் பராசர ஸ்மிருதியையும் காட்டினார். பெண்ணின் சொத்துரிமைக்குப் பிரகஸ்பதி ஸ்மிருதியைக் காட்டினார்.

இது முரண்பாடு என்று சொல்கிறவர்கள் நம் பக்கத்திலும் உண்டு. எரித்தவர் எடுத்துக்காட்டலாமா?

பராசர ஸ்மிருதி அவருக்கு முன்பே ஒருமுறை இப்படி அழைக்கப்பட்டது. வங்காளத்தில் ஈஸ்வர சந்திர வித்யாசாகர் 1850இல் குழந்தை மணத்தை எதிர்த்து எழுதியபோது அறிவையும் இரக்கத்தையுமே பெரிதும் நம்பினார். 1855இல் விதவை மறுமணத்துக்காக எழுதியபோது வழி மாறினார்: இந்த நாட்டில் யுக்தி மட்டும் எடுபடாது, சாத்திரம் வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டுப் பராசரரை எடுத்தார். 1856இல் சட்டம் வந்தது. ஆனால் 1871இல் பலதார மணத்துக்கு எதிராகவும் அதே வழியில் போனபோது பண்டிதர்கள் எதிர்ச்சாத்திரம் காட்டினார்கள்; சட்டம் வரவில்லை. எதிரியின் நூலை நீதிபதியாக்கினால் தீர்ப்பு நம் கையில் இராது. அந்த ஆபத்தைச் சின்னதாக எண்ணக்கூடாது.

பாபாசாகேப் அந்த ஆபத்தைக் கடந்த விதம்தான் நாம் படிக்க வேண்டியது. அவர் ஸ்மிருதியைத் தனியாகக் கூண்டில் ஏற்றவில்லை. 1949இல் அவையில் பேசும்போது, இந்துக்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரான சூத்திரர்களிடம் மணவிலக்கு ஏற்கெனவே வழக்கத்தில் இருக்கிறது என்று நினைவூட்டினார். மேல்சாதிச் சட்டத்தை எல்லோருக்கும் பொதுவாக்க வேண்டுமா, உழைப்பவர் வழக்கத்தையா என்பது அதற்குள் இருந்த கேள்வி. நம் ஊரில் ‘அறுத்துக் கட்டுகிற சாதி’ என்று ஏளனமாகச் சொல்வார்களே, அந்த ஏளனத்துக்கு உரிய வழக்கம்தான் அன்று அவையில் சான்றாக நின்றது. ஸ்மிருதி அதற்குத் துணைச்சாட்சி, அவ்வளவே.

இன்னொன்று, அவர் தன் நம்பிக்கையை மறைக்கவில்லை. மகாடும் இயோலாவும் நாடறிந்தவை. பராசரரைக் காட்டினாரே ஒழிய, பராசரரை வணங்குவதாகப் பாவனை செய்யவில்லை. எதிர்வாதியின் நூலைக் கொண்டே அவன் வாயை அடைப்பது நேர்மையான வாதம். அந்த நூலை நம்புவதாக நடிப்பது வேறு. இன்று மேடைகளில் ‘வேதத்தில் சாதியே இல்லை’ என்று நம்மவர் சிலர் முழங்கும்போது எனக்கு உறுத்துவது இதுதான். வேதத்தில் சாதி இருந்தால் மட்டும் ஒப்புக்கொள்வோமா?

வைதிகர்கள் சமாதானமாகவில்லை. சுவாமி கர்பாத்ரி போன்றோருக்கு அவர் என்ன மேற்கோள் காட்டினார் என்பது பொருட்டே அல்ல. தீண்டப்படாதவர் சாத்திரம் பேசுவதே குற்றமாக இருந்தது. மசோதா சில பிரிவுகளோடு முடங்கியது. 1951 செப்டம்பரில் அவர் அமைச்சர் பதவியைத் துறந்தார்.

இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956 ஜூனில் நிறைவேறியது. அதே ஆண்டு அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கானோர் அவரோடு பௌத்தம் தழுவினார்கள். அங்கே ஏற்ற 22 உறுதிமொழிகளில் எந்த ஸ்மிருதியும் சாட்சிக்கு அழைக்கப்படவில்லை.