ஊனம்

வடமொழியில் ‘ஊன’ என்றால் குறைந்தது. இருபதுக்கு ஒன்று குறைந்த பத்தொன்பதை ‘ஏகோனவிம்சதி’ என்பார்கள். அதற்குள் இருப்பதும் இந்தச் சொல்தான். எண்ணில் குறைவைச் சொன்ன சொல், நம்மிடம் ஆளுக்கே பெயராகிப்போனது கொடுமை. தமிழக அரசு 2010-இல் ‘ஊனமுற்றோர்’ என்பதை விலக்கி ‘மாற்றுத்திறனாளிகள்’ என்று ஆக்கியது. நல்ல காரியம். ஆனால், கணக்கு இன்னும் ஆளை விடவில்லை. சோழவந்தானிலிருந்து வாடிப்பட்டி தாலுகா ஆபீசுக்கு உதவித்தொகை மனுவோடு கிளம்புகிறவர் கையில், பிளாஸ்டிக் உறையில் ஓரம் நைந்த மருத்துவச் சான்றிதழ் இருக்கும். அதில் எல்லோரும் முதலில் தேடுவது ஊனத்தின் சதவீதத்தைத்தான். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் வேலை ஒதுக்கீட்டுக்கே அது குறைந்தது 40 சதவீதம் இருக்க வேண்டும். அந்தச் சான்றிதழுக்காக நடக்க முடியாதவரை மதுரைக்கு அலையவிடாமல், மருத்துவ முகாமை சோழவந்தானிலேயே அடிக்கடி நடத்துங்கள்.